அத்தியாயம் 6: தம்பியைத் தூக்கி வளர்த்த கை

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். இங்கே விளைவதில் பெரும்பகுதி தோத்தாபுரி. நம் வீடுகளில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்கிற அதே காய். பழம் கழுவ, சீவ, கொட்டை நீக்க என்று அந்தச் சில வாரங்களுக்குப் பெண்கள் திரளாக ஆலைக்குப் போகிறார்கள். நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கம் போனால் ஆண்டு முழுவதும் விசைத்தறிச் சத்தம். சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டிக்கு ஷிப்டு பஸ்கள். திருப்பதி விடுதிகளில் விடியுமுன்பே தொடங்கிவிடும் துப்புரவு வேலை. இந்த வேலைகளுக்கெல்லாம் போகிற தாய்மார்களின் கைக்குழந்தைகள் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறார்கள்?

பாட்டி இருந்தால் பாட்டியிடம். பாட்டியும் கூலிக்குப் போகிற வீடானால் பதினைந்து, பதினாறு வயது அக்காவிடம். சில வீடுகளில் அண்ணனிடம்.

அந்த அக்காவோடு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு, எது எறும்பு கடித்ததற்கு என்று காதிலேயே பிரித்துவிடுவாள். சோறு ஊட்டும்போது எந்தக் கவளத்தோடு நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஒரு கையில் தம்பி, மறு கையில் தண்ணீர்க் குடம். “என்னம்மா பண்றே?” என்று கேட்டால் வருகிற பதில் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “ஒண்ணுமில்ல டீச்சர், வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

அந்தச் ‘சும்மா’வை ஏற்றுக்கொள்ளாதவர்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. குழந்தை பார்ப்பது ஒரு தொழில். அதில் பாதியை நீங்கள் வீட்டிலேயே கற்றுவிட்டீர்கள். மீதிப் பாதி படிப்பும் சான்றிதழும். அந்த மீதியைச் சேர்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினால், கற்ற பாதியும் மற்றவர் வீட்டுக் கூலியாகக் கரைந்துபோகும்.

முற்றத்தில் பிறந்த சொல்

அங்கன்வாடி என்ற சொல்லைத் தினமும் சொல்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தத் தொழில்மீது ஒரு மதிப்பு வரும். மராட்டியத்தில் ‘அங்கன்’ என்றால் முற்றம். தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கிராமத்தில் சிறு குழந்தைகளுக்கான பாலவாடியைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் திருமணம், ஆறே மாதத்தில் கணவர் மரணம், அதன்பின் படித்து ஆசிரியையானவர் அவர்.

பள்ளிக்கு ஆதிவாசிப் பிள்ளைகள் வரவில்லை. ஏன் என்று பார்த்தபோது, பெரிய பிள்ளைகள் மாடு மேய்த்தார்கள், சின்னத் தம்பி தங்கைகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். ‘பிள்ளை வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும்’ என்று இருவரும் முடிவு செய்தார்கள். குடிசை முற்றத்திலேயே பாடம் நடந்தது. பின்னாளில் கோஸ்பாட் குன்றில் கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அக்கா தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படிக்கலாம்.

நாடு முழுவதற்குமான திட்டம் பிறகு வந்தது. பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1972-இல் அறிக்கை தந்தவர், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து பணியாற்றிய மீனா சுவாமிநாதன். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நம் தெருமுனை அங்கன்வாடி அதன் கிளைதான்.

தம்பியைச் சுமந்ததால் பள்ளிக்கு வர முடியாத ஒரு பெண்ணை மனதில் வைத்துத்தான் இந்த ஏற்பாட்டின் வேர் போடப்பட்டது. ஆகவே முதல் வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தம்பியை அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பள்ளிக்குப் போங்கள். குழந்தை பார்க்கும் தொழிலுக்கு வர விரும்புகிறவர் குழந்தை பார்ப்பதற்காகவே படிப்பை நிறுத்தினால், அந்தத் தொழிலின் கதவே அவருக்கு மூடிவிடும்.

எந்த வயதில் எது

14 வயது நிரம்பாதவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டு வேலைக்குச் சிறுவர்களை வைப்பதற்கான தடை அதற்கும் முன்பே, 2006 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. ‘வேலை ஒன்றுமில்லை, பாப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தால் போதும்’ என்று சொல்லி அழைத்தாலும் அது வீட்டு வேலைதான்.

14 முதல் 18 வரை அபாயகரமான வேலைகள் மட்டுமே சட்டப்படி தடை. அதனால் குழந்தை பார்க்கப் போகலாமா என்று கேட்பீர்கள். என் பதில்: உங்கள் ஊரில், தெரிந்த வீட்டில், பள்ளி முடிந்தபின் இரண்டு மணி நேரம் என்றால் போகலாம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அந்த வீட்டிலேயே தங்கி என்றால் கூடாது. குப்பத்திலிருந்தும் பலமநேரிலிருந்தும் பெங்களூர் பக்கம், சத்தியவேட்டிலிருந்து சென்னை பக்கம் என்று அழைப்பு வரும். ‘நல்ல குடும்பம், சாப்பாடு துணிமணி எல்லாம் தருவாங்க, சம்பளத்தை மாசாமாசம் அப்பா கையில கொடுத்துடறேன்’ என்று ஒருவர் வந்து பேசினால் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உழைப்பது நீங்கள், பணம் போவது வேறு கைக்கு. 18 வயதுக்குட்பட்டவரைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவதற்கும், அவர் சம்பளத்தைப் பிடித்து வைப்பதற்கும் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம்.

அங்கன்வாடிப் பணிக்கு வருவோம். ஆந்திராவில் வரும் அறிவிப்புகள் வழக்கமாக 21 முதல் 35 வயதுக்குட்பட்ட, பத்தாம் வகுப்பு தேறிய, அதே ஊரில் குடியிருக்கும் திருமணமான பெண்களைக் கேட்கின்றன. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலோ 18 முதல் 35 வயது என்கிறது. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் தகுதியாகச் சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். படிப்பைப் பொறுத்தவரை இன்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்திருந்தால் எந்த விதிக்கும் பொருந்துவீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அங்கன்வாடி வேலை கிடைக்க வேண்டுமானால் சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொள்’ என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். 18 வயதுக்கு முன் திருமணம் குற்றம். அதற்குப் பிறகும், ஒரு வேலைக்கான தகுதியாகக் கல்யாணத்தை நினைத்து வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள். இந்தத் துறையில் திருமணம் கேட்காத வேலைகள் நிறைய இருக்கின்றன.

வீட்டிலேயே இந்த ஆண்டு கற்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிற ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் எழுதுங்கள். இன்று என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, எந்தப் புதுச் சொல் சொன்னது, எதைப் பார்த்துப் பயந்தது, எப்போது முதன்முதல் சுவரைப் பிடிக்காமல் நின்றது. தேதி போட்டு எழுத வேண்டும். பிற்காலத்தில் ஒரு பள்ளியிலோ காப்பகத்திலோ நேர்காணலுக்குப் போகும்போது இந்த நோட்டை மேசைமேல் வையுங்கள். குழந்தையைப் பார்க்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் தப்பு நடந்தால் திருத்த முடியாது.

நம்முடையது வேர்க்கடலை விளையும் மண். எந்த வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். குழந்தை அழுதால் கையில் நாலு கடலை கொடுக்கிற பழக்கமும் இருக்கும். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். புளியங்கொட்டை, பட்டன், நாணயம், கடிகார பேட்டரி எல்லாமே அப்படித்தான். அப்படிச் சிக்கி, இருமலும் அழுகையும் வராமல் போனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இதை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே நெஞ்சு அழுத்தும் முதலுதவிக்கு மாற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுக் குடையக்கூடாது. அது இன்னும் உள்ளே போகும். படித்தால் மட்டும் இது கைக்கு வராது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒருவர் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். 2005-இல் ஒன்றுபட்ட ஆந்திராவில்தான் அந்தச் சேவை தொடங்கியது.

தண்ணீர் இன்னொரு ஆபத்து. தவழும் குழந்தை மூழ்கக் கிணறு தேவையில்லை, பாதி நிறைந்த வாளி போதும். வாளியைக் கவிழ்த்து வைப்பதும் சம்ப் மூடியைத் தினமும் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு. மண்ணெண்ணெயையோ பினாயிலையோ பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக்கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் என்ன அளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அந்த அளவில் மொத்தத் தூளையும் கரைக்க வேண்டும். ‘இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி’ என்று தூளைப் பிரித்தால் உப்பின் அளவு தவறும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை தர வேண்டும். அளவை ஆஷா அக்காவோ ஏ.என்.எம். அம்மாவோ சொல்வார்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டு கிடந்தால் காத்திருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காலை வரை பொறுத்துப் பார்க்கிற பேச்சே இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் நமக்கு உதவுகிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் ராகி. சங்கடிக்கு அரைக்கிற அதே ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் கூழ் காய்ச்சலாம். ஆந்திர அங்கன்வாடிகளில் ஏழு மாதம் முதல் மூன்று வயது வரை வீட்டுக்குத் தருகிற பாலாமிருதம் மாவும் இருக்கிறது. அதைக் குடும்பம் முழுவதும் பங்குபோட்டுக் குடித்துவிடுகிற வீடுகள் உண்டு. ‘இது பாப்பாவுக்கு மட்டும்’ என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வர வேண்டும். ஒரு வயதுவரை தேன் கூடாது.

அங்கன்வாடியில் கைச்சுற்றளவு பார்க்க ஒரு நாடா வைத்திருப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மேற்கையின் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனம் வேண்டும், 11.5-க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நாடாவைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது, வசம்பு உரசி நாக்கில் தடவுவது என்று வீட்டுப் பழக்கங்கள் பல. இவை வேண்டாம். ஆனால் பாட்டியிடம் ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்கிறவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார். “பாட்டி, மூக்குல எண்ணெய் விட்டா சளி கட்டும்னு நர்ஸம்மா சொன்னாங்க, உடம்புக்கு மட்டும் தேய்ச்சு விடறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியின் கையும் ஓயாது, குழந்தைக்கும் கெடுதல் இல்லை.

வலிக்குது என்றாலும் நொப்பி என்றாலும்

சித்தூர் 1911-இல் தனி மாவட்டமாவதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. 1960-இல் எல்லை மறுபடி மாறித் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. கோடு எங்கே விழுந்தாலும் வீடுகள் இடம் மாறவில்லை. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் இன்றும் குழந்தை வீட்டில் ஆராரோ கேட்டுத் தூங்குகிறது; காலையில் அங்கன்வாடிக்குப் போனால் அங்கே தெலுங்கு.

மூன்று வயதுக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு “வலிக்குது” என்று அழுகிறது. ஆயாம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும் என்றால் அது அடம் என்று நினைத்துவிடக்கூடும். சித்தூர் டவுனில் ஒரு தமிழ்ப் பெண் பார்த்துக்கொள்ளும் தெலுங்குக் குழந்தை “நொப்பி” என்று அழுதாலும் அதே நிலைமைதான். இரண்டு சொல்லும் காதில் விழுந்த நொடியில் புரிகிற ஒருவர் அந்த அறையில் இருந்தால் குழந்தையின் நாளே மாறிவிடும். நம் எல்லையோரத்துப் பிள்ளைகளிடம் இருக்கிற இந்தத் திறமைக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. நீங்களாவது அதைத் திறமை என்று எண்ணுங்கள். விண்ணப்பத்தில் ‘தமிழ், தெலுங்கு பேசவும் எழுதவும் தெரியும்’ என்று முதல் வரியில் எழுதுங்கள். பதிவேடுகள் தெலுங்கில் இருப்பதால் தெலுங்கு எழுத்தில் தயக்கம் இருக்கக்கூடாது. பேச்சு மட்டும் வந்து எழுத்து வராதவர்கள் தினமும் அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள்.

தாலாட்டுகளும் கதைகளும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்னமய்யா பெருமாளையே தொட்டிலில் போட்டுத் தாலாட்டிய ஊர் இது. பாட்டிகளிடம் போய்க் கேட்டு ஐந்து தமிழ்ப் பாட்டும் ஐந்து தெலுங்குப் பாட்டும் நோட்டில் எழுதி வையுங்கள். குழந்தை பேசக் கற்பது தன்னோடு பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான், செல்போன் திரையைப் பார்த்தல்ல.

பத்தாவதுக்குப் பின்

பத்தாவதைப் பாதியில் விட்டவர்களுக்கு ஆந்திரத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் பத்தாவது, இன்டர் இரண்டையும் எழுதலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்தாவது தேறியவர்கள் இன்டரில் தொழிற்பிரிவைக் கவனியுங்கள். ப்ரீ ஸ்கூல் டீச்சர் டிரெய்னிங் என்ற இரண்டாண்டுப் பிரிவு இந்தத் தொழிலுக்கான நேரான வழி. உடல்நலப் பக்கம் ஆர்வம் இருந்தால் பெண்களுக்கான பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் பிரிவு இருக்கிறது. எந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு எந்தப் பிரிவு நடக்கிறது என்பதைச் சேருமுன் நேரில் போய்க் கேளுங்கள். அங்கன்வாடித் தேர்வில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் பெரிய பங்கு என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

இன்டர் முடித்தபின் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரித்த முன்பள்ளிக் கல்விப் பட்டயம் இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பருவக் கல்விப் பட்டயமும் உண்டு. மேலே போக விரும்புவோருக்குத் திருப்பதியில் 1983-இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் மனையியல் துறைகள் இருக்கின்றன. பேருந்து நிலையம் பக்கம் ‘ஆறே மாதத்தில் நர்சரி டீச்சர், வேலை உத்தரவாதம்’ என்ற போர்டைப் பார்த்தால் உள்ளே போய் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதுக்கு யார் அங்கீகாரம் கொடுத்திருக்காங்க, அந்தக் கடிதத்தைக் காட்டுங்க.” காட்டாவிட்டால் பணத்தோடு திரும்பி வாருங்கள்.

பெரிய பட்டம் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் நல்ல ஆசிரியராக முடியுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலம். அதன் அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி, சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கியது. அந்தந்த ஊர் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பத்மநாப ராவும் ரமா ராவும் உருவாக்கிய கற்றல் அட்டைகளை வைத்துப் பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் படித்தார்கள். அந்த முறையைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. பிறகு தமிழ்நாடு முழுவதும் அது பரவியது. நம் பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள் கையாண்டு காட்டிய முறையில் லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் படித்தார்கள்.

சம்பளமும் சாவியும்

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆந்திராவில் 2019-இல் அங்கன்வாடிப் பணியாளருக்கு மாதம் 11,500 ரூபாய், உதவியாளருக்கு 7,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்குப் பெயர் சம்பளம்கூட இல்லை, கௌரவ ஊதியம். 2023 டிசம்பர் 12 முதல் 42 நாள் மாநிலம் முழுவதும் அங்கன்வாடிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பணிக்கொடை பெற உரிமையுள்ளவர்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் இத்தனை போராட்டம். ஒரு நாட்டின் குழந்தைகளை ஒப்படைக்கிற கைகளுக்கு இது போதாது என்பது என் கருத்து. நீங்கள் வரும்போது சங்கத்தில் சேருங்கள். ஏறுவதற்குப் படியும் இருக்கிறது: 2022 வழிகாட்டுதல்படி பணியாளர் இடங்களில் பாதி ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களுக்கு, மேற்பார்வையாளர் இடங்களில் பாதி ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களுக்கு.

தொழிற்சாலைக் காப்பகங்கள் இன்னொரு வாசல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, பின்னாளில் திருத்தியபடி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. 2017-இல் வந்த மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தாய் நாளுக்கு நான்கு முறை வந்து குழந்தையைப் பார்க்கலாம். ஸ்ரீசிட்டி போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற காப்பகப் பணியாளர்களுக்குத் தேவை இருக்கிறது. 18 வயதும் சான்றிதழும் இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு அங்கன்வாடிப் பணியிடம் இல்லை. மழலையர் பள்ளி, குழந்தைகள் இல்லம், குழந்தைகள் ஆஸ்பத்திரி, விளையாட்டுப் பயிற்சி எல்லாம் அவர்களுக்கும் திறந்தவை. தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன்கள் தயங்க வேண்டாம்.

வீடுகளில் குழந்தை பார்க்கப் போகிறவர்கள், 18 நிரம்பியபின், ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வேலை நேரம், விடுமுறை நாள், சம்பளத் தொகை, அது வருகிற உங்கள் சொந்த வங்கிக் கணக்கு, குழந்தையைப் பார்ப்பது தவிரச் செய்ய வேண்டியது என்ன. ‘குழந்தை தூங்குற நேரத்துல பாத்திரம் தேய்ச்சுடு’ என்பதில்தான் ஒரு வேலை இரண்டாகிறது. ஆதார் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். வீட்டுச் சாவி கையில் வருகிற அன்று உங்கள்மேல் நம்பிக்கையும் வருகிறது; நகை, பணம் இருக்கும் அறைப் பக்கம் தனியாகப் போகாமல் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

கடைசியாக, தொட்டுப் பேச வேண்டிய ஒன்று. குழந்தையை அடிக்கக்கூடாது, பூட்டி வைக்கக்கூடாது, ‘பூச்சாண்டி’ காட்டிச் சாப்பிட வைக்கக்கூடாது. குழந்தையின் உடம்பில் காயமோ, நடத்தையில் திடீர் பயமோ, யாரையாவது பார்த்தால் ஒளிவதோ தெரிந்தால் நோட்டில் தேதியோடு எழுதுங்கள், நம்பும் பெரியவரிடம் சொல்லுங்கள், 1098-ஐ அழையுங்கள். குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. வேலை போய்விடுமோ என்று வாயை மூடாதீர்கள். அதே சட்டம் உங்களையும் காக்கிறது. 18 நிரம்பாதவரை நீங்களும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். 2020 விதிகளின்படி காப்பகங்களும் பள்ளிகளும் ஊழியர்களைப் பற்றிக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். உங்களிடம் அந்தச் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத இடத்தில்தான் கவலைப்பட வேண்டும்.

நாளைக் காலை உங்கள் தெரு அங்கன்வாடி திறந்ததும் போய் வாசலில் நில்லுங்கள். செருப்பைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, “டீச்சரம்மா, ஞாயிறு போக லீவு நாள்ல வந்து பிள்ளைங்களோட இருக்கட்டுமா?” என்று கேளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.